இதயம் எழுதும் கோடு



நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனால், கைகளிலும் கால்களிலும் மார்பிலும் சிறு பட்டைகளை ஒட்டிக் கம்பிகளை மாட்டுகிறார்கள். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து வருகிறது. 'கரண்டு வைக்கிறார்கள்' என்று நம் பெரியவர்கள் சிலர் அஞ்சுவதுண்டு. அந்தக் கருவி நம் உடலுக்குள் மின்சாரம் செலுத்துவதில்லை. நம் இதயம் உண்டாக்கும் மின்சாரத்தைத்தான் அது எழுதிக் காட்டுகிறது. அதுவே ஈ.சி.ஜி. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு மின்னலை அதன் மேற்பகுதியில் தோன்றிக் கீழே பரவுகிறது. நம் உடலில் உப்பு கலந்த நீர் நிறைந்திருப்பதால், அது தோல்வரை எட்டுகிறது. அங்கே அதன் அளவு ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் பாதரசக் கருவி ஒன்றால் மனித இதயத்தின் மின்சாரத்தை உடலுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்தார். ஆயினும் கோடு தெளிவாக அமையவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். அவர் பிறந்த இடம் நமக்குத் தொலைவன்று. சிங்கப்பூருக்குத் தெற்கே, ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860-இல் பிறந்தார். சிறுவயதில் தந்தையை இழந்து, தாயுடன் நெதர்லாந்து சென்றார். லைடன் நகரில் பேராசிரியரானார். காந்தத்தின் நடுவே மிக மெல்லிய இழை ஒன்றைத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும்போது அது அசைவதை 1901 முதல் பதிவு செய்து காட்டினார். அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்திருப்பார். கருவியை நகர்த்த முடியாததால், 1905-இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்துக்குக் கம்பி வழியே இதயத்தின் மின்சாரத்தை வரவழைத்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் பல இடங்களில் பட்டை ஒட்டுகிறார்கள்? தைப்பூசத்தை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் டாங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் புறப்படுகின்றன. டாங்க் ரோட்டில் நிற்பவருக்குக் காவடி எதிரே வருகிறது. பெருமாள் கோயில் வாசலில் நிற்பவருக்கு அதே காவடி விலகிப் போகிறது. மின்னலையும் அப்படித்தான். பார்க்கும் முனையை நோக்கி வந்தால் கோடு மேலே எழும்; விலகிப் போனால் கீழே இறங்கும். இவ்வாறு ஒரு கோணத்திலிருந்து பார்ப்பதை மருத்துவர்கள் 'லீட்' என்கிறார்கள். ஐந்தோவன் மூன்று கோணங்களில் பார்த்தார். மார்பில் ஒட்ட வேண்டிய இடங்கள் 1938-இல் வரையறுக்கப்பட்டன. 1942-இல் கோல்ட்பெர்கர் கைகால்களிலிருந்தே மேலும் மூன்று கோணங்களைச் சேர்த்தார். இன்று பத்துப் பட்டைகளால் பன்னிரண்டு கோணங்களில் இதயம் பார்க்கப்படுகிறது. இரத்தம் கிடைக்காமல் வாடுவது இதயத்தின் அடிச்சுவரா, முன்சுவரா என்பது இதனால் புலப்படும். வலக்கைக் கம்பியை இடக்கையில் மாட்டினாலோ கோடு தலைகீழாகிவிடும்.

இது நம்மவர்க்கு ஏன் முக்கியம்? சிங்கப்பூரின் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளை டாக்டர் டி. ஜே. தனராஜ் குழுவினர் ஆராய்ந்து 1959-இல் வெளியிட்டனர். இதய இரத்தக்குழாய் நோய் சீனரைவிட இந்தியரிடம் மிகுதி என்று அதில் கண்டனர். பின்வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன.

ஆனால் நம் தோட்டங்களில் நெஞ்சு அழுத்தினால் 'வாயு' என்று தைலம் தேய்த்து, சோடா கொடுத்துப் பொழுது விடியக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. அந்தக் காத்திருப்பில் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கலாம். வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், குளிர்ந்து வியர்த்தாலும், மூச்சு வாங்கினாலும் உடனே புறப்பட வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். சிங்கப்பூரின் ஆம்புலன்ஸிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, நோயாளி போய்ச் சேருமுன் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அன்று லைடனில் கம்பி வழியே சென்ற செய்தி இன்று கம்பியின்றிச் செல்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். முதல் கோடு நன்றாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் மீண்டும் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தமும் சோதிக்கிறார்கள். 'ஒருமுறை பார்த்தாயிற்றே' என்று அவசரப்பட்டு வீடு திரும்ப வேண்டாம். இதயம் தன் நிலையைத் தானே எழுதிக் காட்டுகிறது. அதை உரிய நேரத்தில் படிக்கக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.