துடக்கும் தொற்றும்

செவன் ஹில்ஸ், பிளாக்டவுன் பகுதிகளில் வந்து சேர்ந்த எங்களில் சிலருக்கு முதல் வேலை கிடைத்தது முதியோர் இல்லங்களில்தான். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் இங்கு மலச்சட்டி கழுவினோம். முதல் நாள் எமக்குக் கற்பித்தது கை கழுவும் முறை. "சுத்தத்தை எங்களுக்கு இவங்களோ சொல்லித்தாறது?" என்று கேட்டார் கூட வந்த நண்பர். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

1847இல் வியன்னா பொது ஆஸ்பத்திரியில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர், மற்றதில் மருத்துவிச்சிகள். பிரசவக் காய்ச்சலால் தாய்மார் அதிகம் இறந்தது டாக்டர்களின் விடுதியில். அவ்வாண்டு மார்ச்சில் கொலெட்ஷ்கா என்னும் பேராசிரியர் பிரேத பரிசோதனையின்போது கத்தி குத்தியதால் நோயுற்று இறந்தார். இறந்த தாய்மாரின் உடல்களில் கண்ட மாற்றங்களே அவர் உடலிலும் இருந்ததை இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்த டாக்டர்களின் கைகளே மரணத்தைக் காவி வந்தன என முடிவு செய்தார். மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 வீதமாயிருந்த மரணம் ஜூனில் 2 வீதமாயிற்று. ஆயினும் மருத்துவ உலகின் பெரியவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. கனவான்களின் கை அழுக்கானதென்று யார் ஒப்புவார்? 1865இல் மனநோயாளர் விடுதியொன்றில் செம்மல்வைஸ் இறந்தார்.

அதே 1847 ஒக்டோபரில்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியில் 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும் வெளிவந்தன. கார்போலிக் அமிலத்தால் புண்ணைத் தொற்றிலிருந்து காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 'லான்செட்' இதழில் வெளியிட்டதும் 1867இல்தான். 'இரண வைத்தியத்'தின் மூலநூல் அதற்கு முந்தியது. மேலைச் சத்திரசிகிச்சை தமிழ் நூலாக வந்த ஆண்டிலேயே அதன் அடிப்படை மாறத் தொடங்கிவிட்டது. இதில் கிறீனின் குற்றமேதுமில்லை.

நூல் பிந்தியது மட்டுமா எமது தடை? எம்மிடம் ஏற்கெனவே ஒரு தொற்றுக் கோட்பாடு இருந்தது: துடக்கு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு 31 நாள் துடக்கு. அந்தத் துடக்குச் சீலையை வெளுத்தவருக்கோ ஆயுள் முழுவதும் துடக்கு; அவர் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது. குளிப்பும் கைகால் கழுவலும் எம்மிடம் இருந்தன, அவை நல்லவையே. தாயைத் தனியே வைத்ததும் நன்மைக்கே என வாதிடுவோர் உளர், இருக்கலாம். ஆனால் துடக்கு, அழுக்கைப் பிறப்பில் வைத்தது. செம்மல்வைஸ் கண்டது இதற்கு நேரெதிர். விடுதியில் மிக ஆபத்தான கை, அங்கு மிக மதிப்புப் பெற்றவரின் கை.

அறிவு பரவியதும் யாவும் சரியாகிவிடவில்லை. 1989 நவம்பரில், ஒரே நாளில், சிட்னியில் ஒரு தனியார் சத்திரசிகிச்சை நிபுணரின் அறையில் சிறு சிகிச்சை பெற்ற நான்கு பெண்களுக்கு, அன்று அங்கு சிகிச்சை பெற்ற இன்னொருவரிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றியது. அந்தக் கிருமி எவ்வாறு பரவும் என்பது அப்போது எந்த மருத்துவருக்கும் தெரிந்ததே. 2011இல் வெளியான அவுஸ்திரேலியத் தேசியக் கைச்சுகாதாரத் திட்ட ஆய்வில், உரிய வேளைகளில் கை சுத்தம் செய்தோர் தாதியரில் ஏறத்தாழ 74 வீதம், மருத்துவரில் 52 வீதம். வியன்னாவின் இரு விடுதிகளும் இன்னும் முற்றாக மூடப்படவில்லைப் போலும்.

நண்பருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்வேன்: அவர்கள் எமக்குக் கற்பித்தது சுத்தமன்று, சந்தேகம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு என் கையாலும் கேடு வரலாம் என்ற சந்தேகம். அழுக்கை எப்போதும் அடுத்தவனிடமே கண்ட எமது சாதி மரபு அதற்கு எம்மைப் பழக்கவில்லை. துடக்கையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கடல் கடந்தோமா என்பதை நாம் வெளிப்படையாகப் பேசவேண்டும்.