மண்புழு எச்சக் குவியல்: கொழும்புப் புற்றரைகள்

மண்புழு விழுங்கிய மண் அதன் குடல் வழியே சென்று, புற்றரையின் மேல் உருண்டைகளாகவோ சுருள்களாகவோ வெளித்தள்ளப்பட்டுக் கிடப்பதே எச்சக் குவியல். ஈரமாக இருக்கையில் பசைபோல் ஒட்டும். காய்ந்தால் விரலிடையே பொடியாக உதிரும். இதைக் கையாளும் முறை முழுவதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

பிரித்தானியாவில் இலையுதிர்காலத்திலும் கடுமையில்லாத குளிர்காலத்திலும் இக்குவியல்கள் பெருகும். குளிர்காலமே இல்லாத கொழும்பில் மழைதான் பருவத்தைத் தீர்மானிக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையோடு தொடங்கி, மார்கழி கடந்தும் ஈரம் நிற்கும் வரை தொடரும். தென்மேல் பருவப்பெயர்ச்சி வலுக்கும் மே, யூன் மாதங்களில் மீண்டும் தலைகாட்டும். மேல்மண் காய்ந்ததும் புழுக்கள் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால் குவியல்களும் தாமாக நின்றுவிடும்.

எல்லா மண்புழுக்களும் மேற்பரப்பில் எச்சமிடுவதில்லை. குப்பைக்குள் வாழ்வன அங்கேயே கழிக்கின்றன. பல இனங்கள் தம் வளைக்குள்ளேயே கழித்து அடைத்துவிடுகின்றன. இலங்கையின் பூர்வீக இனங்களில் பெரியதான மெகாஸ்கோலெக்ஸ் செருலியஸ் என்பதை, இங்கு பணியாற்றிய இராணுவ மருத்துவர் ரொபர்ட் டெம்பிள்டன் 1844இல் விவரித்தார். ஆனால் நகரத் தோட்டங்களில் பெரும்பாலும் காணப்படுவன வந்தேறிகளே. அவற்றுள் முக்கியமானது தென்னமெரிக்காவிலிருந்து வெப்பவலய நாடுகளெங்கும் பரவிய பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ருருஸ். இதன் பின்புறத்து முள்மயிர்கள் முன்புறத்தைவிடத் தடித்து, ஒன்றுவிட்டொன்றாக அமைந்திருக்கும்; கைக்கண்ணாடியில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

எச்சத்தின் அளவைக் கணக்கிட்டு உலகுக்குக் காட்டியவர் சார்ள்ஸ் டார்வின். ஒரு ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு 10 தொன்னுக்கு மேற்பட்ட மண், புழுக்களின் உடல் வழியே மேலே வருகிறது என 1881இல் வெளியான தம் நூலில் எழுதினார். நீலகிரியில் சேகரிக்கப்பட்ட, 4 அவுன்சுக்கு மேல் எடையுள்ள ஒற்றைக் குவியல் பற்றியும் அந்நூலில் உண்டு.

எச்சமாக வரும் மண் வளமானது. தாவரம் எளிதில் எடுத்துக்கொள்ளும் நைதரசனும் பொசுபரசும் சுற்றியுள்ள மண்ணைவிட அதில் கூடுதலாக இருக்கும். புழு துளைத்த வழிகளில் மழைநீர் இறங்கும், வேர் காற்று வாங்கும். தீமை எச்சத்தால் வருவதைவிட அதை மிதிப்பதால் வருவதே அதிகம். ஈரக்குவியல் காலடியில் நசுங்கிப் புல்லின்மேல் அப்பிக்கொள்கிறது. அடியிலுள்ள இலைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. அந்த வெற்றுத் திட்டில் களைவிதை முளைக்கிறது. புல்வெட்டியின் அலகும் மண்பட்டு மழுங்கும். எனினும் பொன்டோஸ்கோலெக்ஸ் விடயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பிரேசிலின் மனௌஸ் அருகே காட்டை அழித்து உருவாக்கிய மேய்ச்சல் நிலங்களில், பிற மண்ணுயிர்கள் அருகி இது மட்டும் பெருகியபோது, எச்சம் இறுகி நீர் புகாத மேலோடாக மாறியதை 1999இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஒற்றை இனம் ஆதிக்கம் செய்யும் மண்ணே ஆபத்தானது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் எஞ்சியிருக்கும் புற்றரைகள் சிறியவை. கட்டட இடிபாட்டின்மேல் செம்மண் கொட்டி மலேசியப் புல் பதித்த இடங்களில் நீர் வடிய வழியிருக்காது. அங்கே குவியல்களும் கூடுதலாகத் தெரியும். இத்தகைய முற்றத்துக்கு வேண்டிய கருவி ஒரு ஈர்க்கு விளக்குமாறுதான். மழைவிட்டு வெயில் ஏறி, குவியல் வெளுத்து உதிரும் நிலைக்கு வந்த பின் பரவலாக வீசிக் கூட்டினால் மண் புல்லிடையே இறங்கிவிடும். காலை ஈரத்தில் கூட்டுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். உருளை உருட்டுவதும் கூட்டிய பின்னர்தான். புல்லை ஒட்ட வெட்டாமல் 4 அல்லது 5 சென்ரிமீற்றர் உயரத்தில் விட்டால் குவியல்கள் மறைந்துபோகும். மழைக்காலத்தில் வெட்டிய புல்லையும் மாவிலை, பலாவிலைச் சருகையும் அள்ளிவிட்டால் புழுக்களுக்கு மேற்பரப்பில் இரை குறையும். நீர் தேங்குமிடத்தில் முள்ளுக்கரண்டியால் குத்தி, கழுவிய மணலைத் தூவுவது நிரந்தரத் தீர்வுக்கு அருகில் வரும்.

அமோனியம் சல்பேற்று இட்டு மண்ணை அமிலமாக்குவது ஐரோப்பிய நூல்கள் கூறும் வழி. அது அங்குள்ள இனங்களுக்குப் பொருந்தும். அமில மண்ணைத் தாங்கும் பொன்டோஸ்கோலெக்ஸிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நஞ்சூட்டுவதன் வரலாற்றில் தமிழருக்குப் பழக்கமான பொருளொன்று வருகிறது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் இலுப்பைப் புண்ணாக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பிரித்தானியக் கொல்ப் மைதானங்களுக்குப் புழுக்கொல்லியாகச் சென்றது. அதிலுள்ள சபோனின் புழுக்களை மேலே வரச்செய்து கொல்லும். அதே சபோனின் மீனையும் கொல்லும்; மீன்வளர்ப்புக் குளங்களில் வேண்டாத மீன்களை அழிக்க இன்றும் இப்புண்ணாக்கு பயன்படுகிறது. முற்றத்து வடிகால் வெள்ளவத்தைக் கால்வாய்க்கோ கடலுக்கோ போய்ச் சேரும் நகரில் இதைக் கரைத்து ஊற்றுவது தவறு. பின்னர் வந்த குளோர்டேன் என்னும் நச்சுமருந்து பல்லாண்டுகள் மண்ணில் அழியாமல் நின்றதால், அத்தகைய நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்துகிறது. வேறு தேவைக்குப் பதிவான மருந்தைப் புழுவுக்குத் தெளிப்பது முறையன்று. செண்பகமும் மைனாவும், ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வந்துசேரும் ஆறுமணிக்குருவியும் இப்புழுக்களைக் கொத்தித் தின்பவை. நஞ்சு அவற்றின் இரைப்பைக்கும் செல்லும்.

விளையாட்டு மைதானம் மட்டும் தனி வகை. 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி நடந்த பி. சரவணமுத்து மைதானம் போன்ற இடங்களில், ஆடுகளத்தில் ஒரு குவியல் இருந்தாலும் பந்து எழும்பும் விதம் மாறும். அங்கு நாள்தோறும் கூட்டுவதும் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதும் கட்டாயம். வீட்டுப் புற்றரைக்கு அந்த அளவுகோல் வேண்டியதில்லை. உலர்ந்த எச்சத்தைக் கூட்டியள்ளி ரோசா, மல்லிகைத் தொட்டிகளில் இடலாம். கடையில் விலைகொடுத்து வாங்கும் மண்புழு உரமும் அடிப்படையில் இதே வகைப் பொருள்தான்.