கிளுவை வேலியில் பூத்த செங்காந்தள்

வெள்ளகோவிலில் இருந்து மூலனூர் போகும் பக்கம், மழைக்குப் பிறகு கிளுவை வேலியில் தீப்பிடித்தது போல ஒரு பூ கண்ணில் படலாம். அதுதான் செங்காந்தள், நம் மாநில மலர்! ஆனால் ஊருக்குள் போய் செங்காந்தள் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். "கண்வலிக்கிழங்கு" என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள்.

சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது காந்தளைத்தான். மலைக்குரிய பூவாகப் பாடப்பட்டது, இந்த வறண்ட மேட்டில் எப்படிப் பிழைத்தது? காரணம் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள, காங்கேயம் மாடுகள் மேயும் நிலம் அது. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காந்தளுக்குத் தானாக நிற்கத் தெரியாது. இலை நுனியைச் சுருட்டி எதையாவது பற்றிக்கொண்டுதான் ஏறும். வேலியடியில் ஏர் ஓடாது என்பதால் கிழங்கு கோடை முழுக்க மண்ணுக்குள் தூங்கி, மழையில் முளைத்துவிடும்.

1753ல் லின்னேயஸ் இதற்கு குளோரியோசா சூப்பர்பா என்று பெயர் வைத்தார். 1820ல் பிரான்சில் பெல்லெத்தியேவும் கவெந்துவும் கோல்ச்சிகம் என்ற வேறொரு செடியில் ஒரு நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கோல்ச்சிசின் எனப்படும் அது காந்தளிலும் இருக்கிறது. அளவோடு கொடுத்தால் கீல்வாத மருந்து, அளவு மீறினால் ஆளையே கொல்லும்.

அந்த மருந்துதான் வேலிப்பூவின் தலையெழுத்தை மாற்றியது. விதைக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும் மூலனூர், தாராபுரம் பக்கம் தோட்டப்பயிராகிவிட்டது. நடுவதற்கான கிழங்கு முதலில் எங்கிருந்து வந்திருக்கும்? காட்டிலும் வேலியிலும் தோண்டியதுதான்! தோண்டிய இடத்தில் மறுபடி முளைக்க எதுவும் மிஞ்சாது. போதாக்குறைக்கு, உயிர்வேலி இருந்த இடங்களில் கம்பிவேலியும் வந்துவிட்டது.

தோட்டத்திலும் இது லேசில் காய்ப்பதில்லை. சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் விடியற்காலையில் ஆட்கள் வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவிலும் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். வேலியில் பூத்த காலத்தில் அந்த வேலையை வண்டுகளும் பட்டாம்பூச்சிகளும் கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டன.