மாட்டுக்கொட்டகைக் கூரையில் கரண்ட் எடுத்த ஊர்

நம்ம கூட்டமைப்பின் வரலாற்றை இந்த மலரில் பல பேர் எழுதுறாங்க. நான் வேறு ஒரு ஊரின் வரலாற்றை எழுதுகிறேன். இங்கிலாந்தில், லண்டனில் இருந்து பிரைட்டன் போகிற ரயில் பாதையில், பால்கம் என்று ஒரு ஊர் இருக்கிறது. மேற்கு சசெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. ஊரில் 2,000 பேர்கூட இல்லை. சுற்றிலும் காடு, மேய்ச்சல் நிலம், பக்கத்திலேயே ஆர்டிங்லி என்ற குடிநீர் ஏரி.

இந்த ஊர் எல்லையில் 1986-ல் ஒரு கம்பெனி எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் கிணறு தோண்டியது. பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டது. 2010-ல் குவாட்ரில்லா என்ற கம்பெனி அதே இடத்தில் மறுபடி துளை போட அனுமதி வாங்கியது. அனுமதி கொடுத்தது கவுண்டி கவுன்சில். ஊர் மட்டத்தில் இருப்பது பாரிஷ் கவுன்சில், நம்ம ஊராட்சி மாதிரி. ஆனால் கனிம விஷயத்தில் பாரிஷ் கவுன்சில் கருத்துத்தான் சொல்லலாம், தடுக்க முடியாது. அனுமதி கொடுத்த சமயத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. எங்கேயோ ஆபீசில் ஒரு பேப்பர் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்தபோது எல்லாரும் பயந்தது 'பிராக்கிங்' என்ற முறைக்கு. பூமிக்குள் ரொம்ப ஆழத்துக்குத் துளை போட்டு, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பெரிய அழுத்தத்தில் உள்ளே அனுப்பினால் பாறை வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாக எண்ணெயோ எரிவாயுவோ வரும். குடிநீர் ஏரி பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பாரிஷ் கவுன்சில் ஊரில் கருத்துக் கேட்டது. பதில் சொன்னவர்களில் 82 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் அந்த 82 சதவீதத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. கையில் பண்ட் பவர் இல்லாத தீர்மானம் எப்படிக் கிடக்கும் என்று நம்ம கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்போது லண்டனில் இருந்த அரசாங்கம் இந்தத் தொழிலுக்கு வரிச் சலுகை கொடுக்கப் போவதாக 2013 ஜூலையில் அறிவித்தது. பால்கம் ஊருக்கான எம்.பி. பிரான்சிஸ் மாட். அவரே அந்த அரசாங்கத்தில் அமைச்சர். ஆக, ஊரின் குரலைப் பார்லிமெண்டில் சொல்ல வேண்டியவர் எதிர்ப்பக்கத்தில் இருந்தார்.

2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் துளை போடும் வேலை ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நாட்டின் பல பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வந்து ரோட்டோரம் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். பக்கத்துப் பிரைட்டன் தொகுதி எம்.பி. கரோலின் லூகாஸ், பசுமைக் கட்சிக்காரர், ஆகஸ்ட் 19 அன்று மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த ஏப்ரலில் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அந்தக் கோடையில் நூறு பேருக்கு மேல் கைதானார்கள்.

பேப்பரில் எல்லாம் இந்தச் சண்டைதான் பெரிதாக வந்தது. எனக்கு இதைவிட ஊருக்குள்ளே நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. ஊர் ரெண்டாகப் போய்விட்டது. எண்ணெய் எடுத்தால் என்ன, நாமும் கார் ஓட்டுகிறோம்தானே என்று சொன்னவர்கள் ஒரு பக்கம். வேண்டாம் என்றவர்கள் இன்னொரு பக்கம். எண்ணெயும் வேண்டாம், இந்தக் கூடாரமும் கூச்சலும் போலீசும் வேண்டாம் என்று சலித்தவர்கள் நடுவில். செப்டம்பர் கடைசியில் கம்பெனி மூட்டை கட்டியது. இங்கே பாறையிலேயே இயற்கையாக வெடிப்பு இருக்கிறது, பிராக்கிங் தேவையில்லை என்று 2014 ஜனவரியில் அதுவே சொன்னது. கம்பெனி போனாலும், அக்கம்பக்கத்து மனக்கசப்பு போகவில்லை.

அப்போதுதான் ஊரில் சில பேர் வேறு மாதிரி யோசித்தார்கள். 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் 'அப்ப கரண்டுக்கு என்ன பண்ணுவ?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதனால் 'ரீபவர் பால்கம்' என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். டென் டென் என்ற தொண்டு நிறுவனம் உதவிக்கு வந்தது. ஊர் வீடுகளில் செலவாகிற கரண்ட் அளவுக்குச் சூரிய ஒளியில் தாங்களே எடுப்பது என்று குறி வைத்தார்கள். பிரிந்த ஊர் இதிலாவது ஒன்று சேரட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

சங்கம் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், நமக்கு உபயோகமான பகுதி இதுதான். ஊர்க்காரர்கள் பங்கு வாங்குகிறார்கள். சேர்ந்த பணத்தில் சோலார் தகடு வாங்கி, கூரை கொடுக்கச் சம்மதிக்கிறவர் இடத்தில் மாட்டுகிறார்கள். கூரைக்காரருக்குக் குறைந்த விலையில் கரண்ட். அரசாங்கம் 2010-ல் கொண்டுவந்த திட்டப்படி, எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் பல வருஷத்துக்கு ஒரு தொகை வரும். அதில் பங்குக்காரர்களுக்கு வட்டி போக மீதி ஊர் நல்லதுக்கு. அதிகப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். பணக்காரர் கை ஓங்காமல் இருக்க இந்த ஒரு விதி போதும் என்பேன்.

முதல் தகடு ஏறியது 2015 தொடக்கத்தில், பக்கத்துக் கிராலி டவுன் ஊரில் ஒரு பண்ணையின் மாட்டுக்கொட்டகைக் கூரையில். மந்திரி மாளிகையில் இல்லை! கீழே மாடு, மேலே கரண்ட். அடுத்துப் பள்ளிக்கூடக் கூரைகள் வந்தன.

இவ்வளவும் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலே இருந்து அடி விழுந்தது. சின்னக் கூட்டுறவு மின் சங்கங்களில் பணம் போடுகிறவர்களுக்கு இருந்த வரிச் சலுகையை 2015 கடைசியில் அரசாங்கம் எடுத்துவிட்டது. சிறிய கூரைகளுக்கு யூனிட்டுக்கு 12 பென்ஸ் சொச்சம் கிடைத்துக்கொண்டிருந்தது 2016 பிப்ரவரியில் 4 பென்ஸ் சொச்சமாகக் குறைந்தது. 2019 மார்ச்சோடு புதியவர்களைத் திட்டத்தில் சேர்ப்பதே நின்றது. எண்ணெய்க்காரர்களுக்கு வரியைக் குறைக்கிறேன் என்ற அதே அரசாங்கம்தான் சூரிய ஒளிக்கு இப்படிச் செய்தது. கூட்டுறவில் ஊர் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும், விலை நிர்ணயம் வேறு யாரோ கையில் இருந்தால் கணக்கு ஒரே ராத்திரியில் மாறிவிடும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

எண்ணெய்க் கிணறும் விட்டபாடில்லை. ஆங்கஸ் எனர்ஜி என்ற வேறு கம்பெனி வந்து, அதே இடத்தில் ஒரு வருஷம் சோதனை செய்ய அனுமதி கேட்டது. இந்த முறை ஊர் தூங்கவில்லை. எதிர்ப்புக் கடிதங்கள் போயின. அந்தப் பகுதி இயற்கை அழகுக்காகப் பாதுகாக்கப்பட்டது என்ற வாதம் எடுபட்டது. 2010-ல் கேட்டதும் கொடுத்த அதே கவுண்டி கவுன்சில் 2021 மார்ச்சில் அனுமதி மறுத்தது. கம்பெனி மேல்முறையீடு போனது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசின் ஆய்வாளர் ஒருவர் வந்து, கவுன்சில் முடிவை மாற்றி அனுமதி கொடுத்தார். அதை எதிர்த்து ஊர்க்காரர்களின் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வக்கீல் செலவுக்கு மறுபடியும் ஊரில்தான் பணம் சேர்க்க வேண்டியிருந்தது.