சொந்தக்காரரின் விண்ணப்பம்

வீட்டில் இருந்தாலும் தொலைபேசிக் கருவி கம்பெனியின் சொத்தாகவே இருந்த காலம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. பேசுவது அருகிலிருப்பவர் காதில் விழாதபடி அதன் வாய்ப்புறத்தில் மாட்டிக்கொள்ளும் ‘ஹஷ்-ஏ-போன்’ என்னும் சிறு கிண்ணத்தைக்கூட ஏடி அண்ட் டி கம்பெனி ஆட்சேபித்தது. அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையமும் அவ்வாட்சேபத்தை ஏற்றது. ஆயினும், பொதுமக்களுக்குத் தீங்கின்றித் தமக்குப் பிரயோஜனப்படும் விதத்தில் தொலைபேசியை உபயோகிக்கும் உரிமை சந்தாதாரருக்கு உண்டென்று 1956-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நெறியைப் பின்பற்றியே, டெக்ஸாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் ரேடியோவையும் தொலைபேசியையும் இணைக்க அமைத்த ‘கார்ட்டர்போன்’ கருவிக்கு 1968-இல் அவ்வாணையமே அநுமதி வழங்கிற்று.

பிறர் சொத்தின்மீதே இவ்வளவு உரிமை பெற்ற பிரஜை, பின்னர்த் தம் சொந்தப் பொருளின்மீது அதை இழக்க நேர்ந்தது விசித்திரமே. 1998-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், திரைப்படத்தையும் சங்கீதத்தையும் திருட்டுப் பிரதிகளிலிருந்து காக்கும் நோக்கமுடையதெனினும், மென்பொருளும் பதிப்புரிமைக்கு உட்பட்டதாகையால், அதற்கு இட்ட பூட்டை உடைப்பது குற்றமாகி, கைப்பேசி முதல் டிராக்டர் வரை பல யந்திரங்கள் அதன் ஆட்சிக்குள் வந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை விண்ணப்பங்களைப் பரிசீலித்து விதிவிலக்கு வழங்கும் அதிகாரம் காங்கிரஸ் நூலகத் தலைவரிடம் விடப்பட்டது.

இவ்வழியில், உற்பத்தியாளர் சம்மதியாத செயலிகளைக் கைப்பேசியில் நிறுவ உதவும் ‘ஜெயில்பிரேக்’ 2010-இல் அநுமதிக்கப்பட்டது. வேறு கம்பெனியின் சேவைக்கு மாறுவதற்காகக் கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் அநுமதியோ, 2012-ஆம் ஆண்டுப் பரிசீலனையில் புதிய கைப்பேசிகளுக்கு மறுக்கப்பட்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்தபின், 2014-இல் தனிச் சட்டத்தாலேயே மீண்டது. டிராக்டரை வாங்கியவருக்கு அதன் மென்பொருளில் இருப்பது, வண்டியை இயக்குவதற்கான உரிமம் மட்டுமே என்று ஜான் டீர் கம்பெனி வாதித்தும், பழுது பார்ப்பதற்கும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றியமைப்பதற்கும் 2015-இல் விதிவிலக்குக் கிடைத்தது.

எனினும், நூலகத் தலைவர் வழங்கக்கூடியது பூட்டைத் திறக்கும் அநுமதி ஒன்றே. திறக்கும் கருவியைச் செய்து பிறருக்கு விற்பதன் மீதுள்ள தடையை நீக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்கு அளிக்கவில்லை. ஆகவே, அக்கருவியைத் தாமே எழுதிக்கொள்ள வல்லவருக்கு மெய்யான சுதந்திரமாக விளங்கும் இவ்வுரிமை, அது தெரியாத குடியானவருக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஏட்டுச் சுரைக்காயாகவே எஞ்சுகிறது.