பசலியும் அடங்கலும்

கிணத்துக்கடவு வட்டாரத்துப் புன்செய்க் காட்டில் ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையும் அடுத்த பட்டத்தில் சோளமும் நிற்கும். கிணற்றில் தண்ணீர் ஊறினால் அதே காடு தக்காளிக்கோ தென்னைக்கோ மாறும். பாகம் பிரிந்தால் உடைமையும் மாறும். எழுதும்போதே மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை ஆவணமாக்கக் கிராமக் கணக்கு கைக்கொண்ட வழியே பசலி, அதாவது ஜூலை 1-இல் தொடங்கி மறு ஜூன் 30-இல் முடியும் வருவாய் ஆண்டு.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்குநாடு கம்பெனி ஆட்சிக்குள் வர, உழவரிடமே அரசு நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறை நாளடைவில் வேரூன்றியதால், ஒவ்வொரு புலத்தின் நிலையையும் ஆண்டுதோறும் அறிய வேண்டியதாயிற்று. புல எண், பரப்பு, தீர்வை ஆகியவற்றைத் தாங்கிய நிலையான ஏடு ‘அ’ பதிவேடு. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பதைப் பசலிதோறும் புதிதாக எழுதியது அடங்கல். பசலி முடியும் தறுவாயில் நடக்கும் ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயத்தில் கணக்கு தணிக்கையாகி ஒப்பமிடப்பட்டதும் அந்த ஆண்டின் ஏடு மூடப்பட, அதன்பின் விளைந்தது அடுத்த பசலிக்குரியதாயிற்று. கோப்பு மாறிக்கொண்டிருக்கையிலேயே ஒரு கணத்தின் நிலையை உறையவைத்து நகலெடுக்கும் இன்றைய கணினியின் ஸ்னாப்ஷாட் முறையும் இதே தருக்கத்தில்தான் இயங்குகிறது.

மாற்றத்தையும் காத்ததே அப்பழைய முறையின் பெருஞ்சிறப்பு. 45 என்னும் புலம் பிரிந்தால் 45/1, 45/2 என்றும், பின்னது மீண்டும் பிரிந்தால் 45/2அ, 45/2ஆ என்றும் உட்பிரிவு எண்கள் பெறும். பாட்டன் காட்டைப் பேரர்கள் பங்கிட்ட வரலாறு முழுதும் அந்தச் சிறு எண்ணுக்குள் அடங்கிவிடும். பழைய பதிவின்மேல் கோடு மட்டும் கிழிக்கப்பட்டிருந்தால், அடியிலுள்ள எழுத்தை நூறாண்டு கழித்தும் படிக்கலாம்.

இவ்வேடுகளைப் பேணிய கணக்குப்பிள்ளை, மணியக்காரர் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில், 1390-ஆம் பசலியின் நடுவே, ஒழிக்கப்பட்டுப் பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் இதே காலத்தது. பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்ட அவ்வாண்டுகளிலும் விற்பனையும் பாகப்பிரிவினையும் நிற்கவில்லை, அப்போது நுழைந்த பிழைகளுக்கான திருத்த மனுக்கள் இன்றும் வருகின்றன. கணினிப் பட்டாவோ இன்றைய உடைமையாளர் பெயரை மட்டும் காட்டுவதால், முன்னொரு பசலியில் காடு யார் பெயரில் இருந்தது, அதில் என்ன விளைந்தது என்னும் வழக்கு எழும்போது, மக்கள் பழுப்பேறிய பழைய அடங்கலின் நகல் கேட்டே வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் செல்கின்றனர்.