தேர்க்காலும் தச்சர் மரபும்

அதியமான் நெடுமானஞ்சியின் ஆற்றலைக் கூற வந்த ஔவையார், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று இயற்றிய தேர்க்காலுக்கு அவனை ஒப்பிட்டார் (புறம். 87). ஒரு திங்கள் உழைப்பின் அருமையே இவ்வுவமையில் முதற்கண் புலப்படுவது. யாம் நோக்குவது பிறிதொன்று. நாடோறும் எட்டுத் தேர் செய்து பழகிய கையன்றோ அவ்வொரு காலைச் செய்ய வல்லதாயிற்று! இடையறாத தொழிலின்றித் திறன் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

திருவில்லிபுத்தூர்ப் பெருந்தேர் இதற்குத் தக்க சான்று. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் அத்தேர் முன்னாளில் மரச் சக்கரங்களில் ஊர்ந்தது. நிலைக்கு மீள நாள் பல ஆயின. 2000ஆம் ஆண்டில் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பெற்றன. முட்டுக்கட்டையை மட்டுமே நம்பிய இடர் நீங்கியது. விழாவிற்கு இது நன்மையே. ஆயினும் தடித்த பலகைகளை இசைத்து, இரும்புப் பட்டை கட்டி, அச்சுக்கேற்பத் துளையிடும் தச்சர்க்கு அப்பெருந்தேரில் இருந்த வேலை அத்துடன் அற்றது. வேலை அற்றபின் தந்தை மகனுக்கு எதனைக் கற்பிப்பான்? கூலி தாராக் கல்வியை மகன் வேண்டான் எனின் அவனைக் குறை கூறல் தகாது. குடிக்கு வெளியே கற்பியாமையும் இத்தொழில் சுருங்கியதற்கு ஒரு காரணம். அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது.

அண்மையிலுள்ள இராசபாளையம் வேறு நெறியிற் சென்றது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் அங்கு நூற்பாலை நிறுவினார். அவர் பெயர் தாங்கிய பாலிடெக்னிக் தோன்றியது 1963இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளிற் பொறியைப் பேணக் கற்றோர் பெரும்பாலும் பொறியருகே நின்றே கற்றிருத்தல் வேண்டும். ஆலை நாடோறும் ஓடியது. ஔவையார் கூறிய எட்டுத் தேர் அங்கே இருந்தது எனலாம்.

திறனாளர் போதாவிடத்து அயலாரை அழைத்தலும் பழைய வழக்கே. மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாட்டு வினைஞர் தமிழ் வினைஞரொடு கூடிச் சோழனுக்கு மண்டபம் சமைத்தமையை மணிமேகலை கூறும். அயலார் தனித்துச் செய்தனர் என்னாது, தமிழரொடு கூடிச் செய்தனர் என்றமை நோக்கத்தக்கது. உடனுழைத்தலே பயிற்சியாம்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய கல்லூரி சிற்பமும் கோயிற் கட்டடமும் கற்பிக்கின்றது. ஐ.டி.ஐ.க்கள் பொதுத் தொழில்களைக் கற்பிக்கின்றன. பயிலுநர்க்கு உதவித்தொகை அளிக்க 1961ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. தேர்க்கால் தச்சோ இவற்றின் இடையே விடுபட்டு நிற்கின்றது. பள்ளி ஒன்று புதிதாக நிறுவுதலினும் எளிய வழி ஒன்றுண்டு. புதுத் தேர் செய்விக்கும் கோயிலும் பழந்தேர் புதுக்கும் கோயிலும், எக்குடிப் பிறந்தாராயினும் இளைஞர் இருவர் முதிய தச்சரோடு உடனிருந்து கூலி பெற்றுப் பயிலவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். சிறு தேர்களின் பழுதுபார்ப்பையும் அவ்விருவர்க்கே ஆண்டுதோறும் அளித்தல் வேண்டும்.